ஆறிப்போன காயம்

"திருடியப் புடிச்சாச்சு சார். நீங்க வந்து, ஆமான்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா போதும்."

ஆஸ்பத்திரி மேனேஜர் ஆனந்தராஜ் போனில் சொன்னது இவ்வளவுதான். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. காரைக்கால் வெயில் ஆளை வேக வைத்துக்கொண்டிருந்தது. சிவநாதனுக்கு எழுந்து செருப்பை மாட்டவே மனசில்லை. ஐம்பத்தெட்டு வயசு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருபத்திரண்டு வருஷமாகத் துப்பறியும் தொழில். அதில் முக்கால்வாசி, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது. மீதி, காணாமல் போன பைக். யார் யாரிடம் என்ன பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்து தெரிந்து அவருக்கு மனுஷ ஜாதி மேலேயே ஒரு சலிப்பு வந்திருந்தது. போதாக்குறைக்குப் பிரஷர். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

"திருடியப் புடிச்சுட்டாங்கன்னா நாம எதுக்கு சார்?" என்றாள் நஜீபா, சதுர்த்திக்கு மிஞ்சிய கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டே.

"சந்தேகம் இருக்குன்னு அர்த்தம்."

"யாருக்கு? அவருக்கா, உங்களுக்கா?"

"எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான். வண்டிய எடு."

நஜீபா அவருடைய உதவியாளர். நாற்பத்து நாலு வயசு. பன்னிரண்டு வருஷம் ஒரு லேபில் அடுத்தவர் ரத்தத்தைச் சோதித்துச் சலித்துப்போய், அடுத்தவர் ரகசியத்தைச் சோதிக்கலாம் என்று இவரிடம் வந்தவள். வாய் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

மேனேஜர் அறையில் ஏ.சி. ஓடியது. அந்த ஒரு காரணத்துக்காகவே சிவநாதன் ஆனந்தராஜ் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த லோகாம்பாள் என்கிற பெண்மணிக்கு ஈரலில் புற்றுநோய். ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமைகளில், இங்கே இரண்டு மருந்து ஏற்றுகிறார்கள். முதல் மூன்று தடவை நல்ல பலன். கட்டி சுருங்கியது. ஜூன் கடைசியிலிருந்து அடுத்த மூன்று தடவை பலனே இல்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி பெருத்து, நுரையீரலில் புதுசாக இரண்டு புள்ளி.

"வினிதான்னு ஒரு நர்ஸ். தலத்தெருப் பொண்ணு. ஜூன் இருபத்திமூணாந் தேதி வேலைக்குச் சேந்தா. இருபத்தி ஏழாந் தேதியிலேந்து மருந்து வேலை செய்யல. கணக்கு சரியா வருதா?" என்றார் ஆனந்தராஜ். "நேத்து அவ அலமாரியத் தொறந்தோம். உள்ள அந்த ரெண்டுல ஒரு மருந்தோட காலி பாட்டில் ஆறும் இருக்கு. அட்டைப்பெட்டியோட! ஒடச்சுத் தூக்கிப் போட வேண்டியத எதுக்கு சார் ஒளிச்சு வைக்கணும்? மருந்த உருவி வித்துட்டு, சலைன் தண்ணிய ஊத்தி ஏத்திருக்கா. ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட். அதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட் வந்தா எங்களுக்கு ஒரு பலம்."

"போலீஸ் கேஸ் ஆச்சுன்னா அந்தப் பொண்ணு இனி எங்கயும் ஊசியத் தொட முடியாது," என்றார் சிவநாதன்.

"திருடினா அப்படித்தான் சார்."

மணி இரண்டரை. சிவநாதனுக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசை எழுந்ததை மறைப்பானேன். அவள்தான் திருடி என்று இருந்துவிட்டால் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் படுத்துவிடலாம்.

டாக்டர் விசாலாட்சி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். குரும்பகரத்து விவசாயக் குடும்பம். காலையிலிருந்து எழுபது நோயாளிகளைப் பார்த்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது.

"அது என்ன மருந்து டாக்டர்? எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

"கட்டி பெருசா வளரணும்னா அதுக்கு ரத்தம் வேணும். பக்கத்துல ஓடுற ரத்தக்குழாயிலேந்து தனக்குன்னு புதுக் குழாய் இழுத்துக்கும். எங்க ஊர்ல யாருக்கும் தெரியாம வாய்க்கால் கரைய வெட்டி தன் வயலுக்குத் தண்ணி திருப்புவாங்கல்ல, அந்த மாதிரி. ஒழுங்கா வெட்டுன வாய்க்காலா அது? கோணல்மாணலா, கரையே இல்லாம, எங்க பாத்தாலும் கசிஞ்சுகிட்டு."

"கசிஞ்சா என்ன?"

"கசியுற எடம் வழியா கட்டியோட அணு நழுவி ரத்தத்துல எறங்கிடும். அப்படியே போயி நுரையீரல்ல குடியேறிடும். அது ஒண்ணு. இன்னொண்ணு, நம்ம உடம்புல நோய எதிர்க்குற அணுக்கள் இருக்கு பாருங்க, அதுங்களும் அந்தக் குழாய் வழியாத்தான் கட்டிக்குள்ள போவணும். சகதியும் சேறுமா கெடந்தா எப்படிப் போவும்? வெளியிலயே நின்னுடும். அதனாலதான் ரெண்டு மருந்து. ஒண்ணு எதிர்ப்பு அணுக்களத் தட்டி எழுப்பும். அது கம்பெனிக்காரங்களே நேரா எங்க ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிடுறாங்க. இன்னொண்ணு, குழாயச் சீராக்கி வழி விடுற மருந்து. அத மட்டும் வீட்டுக்காரங்க பாண்டிச்சேரியில வாங்கியாரணும். வழிய அடைச்சு வச்சுகிட்டு ஆள மட்டும் எழுப்பி என்ன பிரயோஜனம்?"

"இந்த வழி மருந்துதான் வேலை செய்யலையா?"

டாக்டர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அது உடம்புல எறங்குனா நெறைய பேருக்குப் பிரஷர் ஏறும். லோகாம்பாளுக்கு மே மாசமே நூத்தி ஐம்பதுக்கு மேல ஏறுச்சு. மாத்திரை குடுத்தேன். ஜூலையில தானா எறங்கிடுச்சு. மாத்திரையையே நிறுத்திட்டேன். நல்லாத்தானே இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். அது என் தப்பு சார். அன்னிக்கே நான் பயந்துருக்கணும்."

"பிரஷர் எறங்குனா பயப்படணுமா?" என்றாள் நஜீபா. "எங்க சார்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். மாத்திரை போடுறத விட்டுடுவாரு."

டாக்டர் சிரிக்க முயன்று முடியாமல் எழுந்தார். போகிற போக்கில் ஒன்று சொன்னார். "காயம் பட்டாலும் லேசுல ஆறாது. தோல் மூடவும் புதுக் குழாய் வேணுமே. அதனாலதான் அந்தம்மாகிட்ட அருவாமணைப் பக்கமே போவாதீங்கன்னு சொல்லி வச்சேன்."

பதினைந்து நிமிஷம் கழித்து ஸ்டோர் ரூமில் வினிதாவைப் பார்த்தார்கள். இருபத்தாறு வயசு இருக்கும். அழுது ஓய்ந்த முகம். மேஜை மேல் ஆறு அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் முத்துமுத்தான எழுத்தில் தேதி.

"எதுக்கும்மா இதயெல்லாம் எடுத்து வச்ச?"

"அந்தம்மாவுக்குப் பிரஷர் எறங்கிக்கிட்டே வந்துச்சு சார். எனக்கு முன்னாடி இருந்தவங்க முத மூணு டப்பாவ ரேக்குலயே போட்டு வச்சிருந்தாங்க. அதயும் சேத்து எடுத்து வச்சேன். மருந்துல ஏதோ கோளாறுன்னு தோணுச்சு. யாரையாவது கேக்கலாம்னு..."

"கேட்டியா?"

"வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. டாக்டரே நல்ல சேதின்னு சொல்றப்ப நான் எப்படிங்க சொல்றது? புதுசா வந்தவ பெரியவங்களுக்குப் பாடம் எடுக்குறான்னு ஆயிடுமே." அவள் மறுபடியும் விசும்பத் தொடங்கினாள். "சொல்லிருக்கணும் சார். நான் சொல்லிருந்தா அந்தம்மாவுக்கு இந்தக் கதி வந்துருக்காது."

மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் சிவநாதன் முன்னால் அழுதிருக்கிறார்கள். எல்லோரும் தங்களுக்காகத்தான் அழுவார்கள். இந்தப் பெண் நோயாளிக்காக அழுதாள். போச்சு, மூன்று மணித் தூக்கம் போயே போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

நஜீபா இதற்குள் ஒரு பாட்டிலின் ரப்பர் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஒரே ஒரு ஓட்டை சார். மருந்த உருவ ஒண்ணு, சலைன ஊத்த ஒண்ணு, திரும்ப எடுக்க ஒண்ணுன்னு மூணு இருக்கணும். மூணு தடவையும் அதே ஓட்டையில குத்துறதுன்னா அவ நர்ஸ் இல்ல, தையல் மிஷின்." பிறகு அட்டைப்பெட்டி ஒன்றை மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள். "யா அல்லா! இது மருந்து டப்பாவா, கருவாட்டு டப்பாவா?"

முதல் மூன்று பெட்டிகளும் சுத்தமாக இருந்தன. அடுத்த மூன்றும் நனைந்து காய்ந்து உப்பியிருந்தன. மடிப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சிவநாதன் தடுப்பதற்குள் நஜீபா விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள்.

"உப்பு."

கதவருகே நின்றிருந்த ஆனந்தராஜ் துள்ளிக் குதித்தார். "சலைன்! பாத்தீங்களா? சலைன்னா உப்புத் தண்ணிதானே!"

வினிதா சுவரோடு ஒடுங்கினாள்.

"மேனேஜர் சார், சலைன் காஞ்சா மாவாட்டம் படியும்," என்றாள் நஜீபா. "இது பல்லுல நறநறங்குது. நம்ம அடுப்படியில இருக்குற கல்லுப்பு. இந்தப் புள்ள ஊசியில கல்லுப்பு ஏத்துனான்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

"ஆறு மணி சார்," என்றார் ஆனந்தராஜ் விறைப்பாக. "அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

கிளிஞ்சல்மேட்டில் லோகாம்பாள் வீட்டு வாசலில் வலை காய்ந்தது. நாற்பத்தெட்டு வயசு, மெலிந்து கறுத்த உடம்பு. ஆனாலும் வந்தவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்த பிறகுதான் பேசவே விட்டாள். ஸ்கேன் முடிவு அவளுக்குத் தெரியும். அதைப்பற்றி அவள் பேசவில்லை.

"கேக்கக் கூடாது, இருந்தாலும் கேக்குறேன்," என்றார் சிவநாதன். "காயம் எதுவும் பட்டுச்சாம்மா, இந்த ரெண்டு மாசத்துல?"

"பட்டுச்சுங்க. ஊசி போட்ட மூணாம் நாளு, ஜூலையில. கரையில நடக்கையில கிளிஞ்சல் வெட்டிடுச்சு." பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலிலிருந்து நடுப்பாதம் வரை வெளிறிய கோடு, தழும்பாகவே ஆகிவிட்டது. "எம்மாம் ரத்தம்! ஆறாதுன்னு டாக்டரம்மா பயங்காட்டி வச்சிருந்தாங்களா, எங்க வூட்டுக்காரரு நடுங்கிப் போயிட்டாரு. எட்டே நாளு. சுத்தமா ஆறிடுச்சு. பிரஷரும் எறங்கிப் போச்சு. எல்லாம் அந்த மாரியாத்தா கண் பாத்ததுதான்."

சிவநாதன் அந்தத் தழும்பையே பார்த்தார். நல்ல சேதி என்று இவள் காட்டிய இரண்டுமே, மருந்து இவள் உடம்பில் வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி.

"மருந்த பாண்டியிலேந்து யாரும்மா எடுத்தாறது?"

"முன்னாடி எங்க வூட்டுக்காரரே போனாங்க. பஸ்ஸுல, அந்த டப்பாவ மடியில வச்சுக்கிட்டு வருவாங்க. தடைக்காலம் பாருங்க, அப்ப கடலுக்குப் போவ முடியாதே. சும்மாதான் இருந்தாங்க."

சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. சிவநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை மீன்பிடித் தடைக்காலம். படகும் ஓடாது, மீன் வண்டியும் ஓடாது. தடை முடிந்து அடுத்து வந்த ஊசி ஜூன் இருபத்தேழு. இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த தேதி. இதை விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் தேதியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரமாகத் தானும் அதே காரியத்தைச் செய்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தடை முடிஞ்சப்புறம்?"

"அவுங்க கடலுக்குப் போயிடுறாங்க. எந் தம்பி செம்பியன் மீன் வண்டி ஓட்டுறான். அவன்தான் எடுத்தாறான். ஆனா பொட்டி கட்டுறதெல்லாம் எங்க வூட்டுக்காரருதான். மருந்து சூடாவக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னதுலேந்து அவுங்களுக்கு வேற நெனப்பே இல்ல." லோகாம்பாள் சிரித்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனவளின் சிரிப்பாக இல்லை அது, புதுப்பெண்ணின் சிரிப்பு. "மீன்பிடித் துறைமுகத்துலதான் இருப்பாங்க. இன்னிக்கு கரைக்கு வந்துட்டாங்க. நாளைக்கு ஊசியாச்சே."

வண்டியில் ஏறிய பிறகுதான் நஜீபா பேசினாள். "சார், ஐஸ்ல கல்லுப்பு போட்டா என்ன ஆவும் தெரியும்ல? சாதா ஐஸ விட இன்னும் கீழ போவும். அதுக்குள்ள எது இருந்தாலும் ஒறஞ்சுடும். அந்த மருந்து ஜில்லுன்னு இருக்கலாம், ஒறையக் கூடாது. டப்பாவுலயே போட்டுருக்கு, பொடி எழுத்துல. ஒறஞ்சு எளகுச்சுன்னா அவ்வளவுதான், அத நம்பவே முடியாது."

"தெரியும். பேசாம ஓட்டு."

"தெரிஞ்சா மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க? அந்தப் புள்ள தப்பிச்சாச்சு. திருடனே இல்ல."

"அதான் நஜீபா. திருடன்னு ஒருத்தன் இருந்தா அவனத் திட்டிட்டு நிம்மதியா வூட்டுக்குப் போயிடலாம். இப்ப யாரத் திட்டுறது?"

துறைமுகத்தில் லோகாம்பாளின் கணவர் கருப்பையன் இறாலுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயசு. பனிக்கட்டியிலேயே கிடந்து வெடித்த கைகள். விஷயம் லோகாம்பாளைப் பற்றியது என்றதும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"மருந்த எப்படிக் கட்டுவீங்க, கொஞ்சம் காட்டுறீங்களா?" என்றார் சிவநாதன். இதைக் கேட்பதற்கே அவருக்கு வாய் கூசியது.

கருப்பையன் முகம் மலர்ந்தது. இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி ஒரு நீலப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"கடைக்காரன் ஒரு தெர்மாகோல் டப்பாவுல கொழகொழன்னு ஒரு பைய வச்சுக் குடுப்பான் சார். தடைக்காலத்துல ஐஸ் பாக்டரியும் மூடிக் கெடந்துச்சா, வேற வழியில்லாம அந்தப் பைய நம்பித்தான் எடுத்தாந்தேன். வழி முச்சூடும் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். கடலூரு தாண்டுறதுக்குள்ள ஜில்லுப்பே பாதி போயிடும். எம் பொண்டாட்டி உசுரு சார் அது. இந்தப் பைய நம்பி விட முடியுமா? முப்பத்தஞ்சு வருஷமா ஐஸ்ல கெடக்குறவன் நான்." வெடித்த கைகளால் ஐஸை இரண்டாக விலக்கிக் குழி பறித்தார். "தூரம் போற இறாலுக்கு எப்படிக் கட்டுவோமோ, அப்படித்தான். அடியில ஒரு சாண் ஐஸ். நடுவுல மருந்து, பாலிதீன் கவர்ல. மேல ஐஸ். மேலால ரெண்டு கை கல்லுப்பு. உப்பு போட்டா ஐஸ் எறுகிடும் சார், நாளு முழுக்க அசையாது. வண்டி கெளம்பையில நானே பொட்டி கட்டிக் குடுத்துடுவேன். செம்பியன் அங்க டப்பாவ வாங்கி நடுவுல பொதைக்க வேண்டியதுதான். வூட்டுக்கு வந்ததும் தொடச்சு, திரும்பத் தெர்மாகோல்ல வச்சு, மறுநாளு ஆஸ்பத்திரியில குடுத்துடுவேன். இதுவரைக்கும் ஒரு தடவ கூட சூடாவ விட்டதில்ல."

அவர் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார். நஜீபா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவநாதன் பையில் போன் அடித்தது. ஆனந்தராஜ். மணி ஐந்து இருபது. எடுக்கவில்லை.

இரண்டு வழி இருந்தது. மருந்து வழியில் எப்படியோ கெட்டுவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்று மழுப்பலாக எழுதிக் கொடுத்தால் இந்த மனுஷன் தப்பிப்பார். ஆனந்தராஜ் அதை நம்ப மாட்டார், வினிதா மாட்டிக்கொள்வாள். இன்னொன்று, உண்மையைச் சொல்வது. எத்தனையோ பேரின் குட்டை உடைத்தவர்தான் சிவநாதன். ஆனால் நல்லது செய்வதாக நினைத்துச் செய்தவரிடம் இதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நாளைக்கு ஊசி.

"இன்னிக்கு மருந்து எங்கங்க இருக்கு?"

"வண்டியில வந்துகிட்டு இருக்கு. இந்நேரம் தரங்கம்பாடி வந்துருப்பான்."

"போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

செம்பியன் இரண்டாவது மணியில் எடுத்தான். "சொல்லு அத்தான்."

"வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க," என்றார் சிவநாதன். "பொட்டியத் தொறந்து மருந்த எடுத்துக் குலுக்கிப் பாக்கச் சொல்லுங்க."

கருப்பையன் ஒன்றும் புரியாமல் அப்படியே சொன்னார். வண்டி நிற்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், ஐஸைத் தோண்டுகிற சத்தம்.

"குலுங்கலையே அத்தான்," என்றான் செம்பியன். "நல்லா கல்லாட்டம் இருக்கு. நீ கவலையே படாத, கிண்ணுன்னு வந்துகிட்டு இருக்கு."

அதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியாது. சிவநாதன் சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஜில்லென்று இருப்பது வேறு, உறைவது வேறு. உறைந்தால் அந்த மருந்து கெட்டுப்போகும். ஜூன் கடைசியிலிருந்து மூன்று தடவை அப்படித்தான் போயிருக்கிறது. எந்த நர்ஸும் எதையும் திருடவில்லை.

கருப்பையன் கேட்டுக்கொண்டே நின்றார். போனை ஓரமாக வைத்துவிட்டு ஐஸில் ஊன்றிய கைகள் இரண்டும் அப்படியே இருந்தன. எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு.

"அப்ப பிரஷர் எறங்குனது?"

"அதுவும் மருந்து வேலை செய்யாததாலதான்," என்றார் சிவநாதன்.

"கால் புண்ணு?"

"மருந்து வேலை செஞ்சிருந்தா அவ்வளவு சீக்கிரம் ஆறிருக்காது."

"அது ஆறுனதுக்கு மாரியம்மன் கோயில்ல மாவிளக்கு போட்டேன் சார்," என்றார் கருப்பையன். "விழுந்து கும்புட்டேன். எம் பொண்டாட்டிய காப்பாத்திட்டேன்னு ஆத்தாவுக்கு நன்றி சொன்னேன்." சொல்லிக்கொண்டே அப்படியே பெட்டியோரமாகக் குந்தி உட்கார்ந்தார். பெரிய உடம்பு குலுங்கியது. நஜீபா போய் அவர் கைகளை ஐஸிலிருந்து எடுத்து, தன் துப்பட்டா முனையால் துடைத்துவிட்டாள்.

"அண்ணே, சூடாவக் கூடாதுன்னு சொன்னவங்க, ஒறையவும் கூடாதுன்னு சொல்லிருக்கணும். உங்ககிட்ட அத யாரும் சொல்லல. இது உங்க மேல தப்பில்ல."

போன் மறுபடியும் அடித்தது. கருப்பையன் தலையைத் தூக்கினார்.

"யாரு, மேனேஜரா? குடுங்க சார். நான் பேசுறேன்."

சிவநாதன் தயங்கினார். கருப்பையன் தானே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"நான் லோகாம்பா புருஷன் பேசுறேன். அந்தப் பொண்ண விட்டுருங்க சார். மருந்தக் கெடுத்தது நான்தான். எங் கையால, உப்பு போட்டு." குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "யாரு கேட்டாலும் சொல்றேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன். அந்தப் புள்ள மேல ஒரு சொல்லு விழக் கூடாது."

நஜீபா போனைப் பிடுங்கினாள். "மேனேஜர் சார், ஸ்டேஷனுக்குக் கெளம்புன காலோட ஸ்டோர் ரூமுக்குப் போயி அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பு கேட்டுருங்க. அப்படியே சம்பளமும் கூட்டிக் குடுங்க. உங்க ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்து வச்சுகிட்டு வேலை பாத்தது அவ ஒருத்திதான்."

டாக்டர் விசாலாட்சி பாண்டிக் கடைக்கே நேரில் பேசி இன்னொரு பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஊசி சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. கருப்பையன் படகு மறுநாள் கடலுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் போய், அந்தக் கொழகொழப் பையை நம்பி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை ஊசி போட்டது வினிதாதான். பெட்டியைப் பிரித்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துக் காட்டினாளாம். தண்ணீர் மாதிரி ஆடியதாம்.

மனைவியிடம் என்ன சொன்னார் என்று சிவநாதன் கேட்கவில்லை. நஜீபா கேட்டுவிட்டாள், அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியாது. வியாழக்கிழமை சாயங்காலமே எல்லாவற்றையும் சொன்னாராம். லோகாம்பாள் ஒரு நாள் முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளாம். பிறகு எழுந்து, தேங்காய் எண்ணெயை எடுத்து அவர் கை வெடிப்பில் தடவிக்கொண்டே, "இனிமே பஸ்ஸுலயே போ," என்று மட்டும் சொன்னாளாம்.

ஊசி போட்டுப் பதினோரு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை. சிவநாதன் தன் பிரஷர் மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"சார், கருப்பையன். ஆஸ்பத்திரியிலேந்து பேசுறேன்." மூச்சு வாங்கியது. "ஏறிடுச்சு சார். நூத்தி ஐம்பத்தாறு! தல வலிக்குதுங்குறா சார். டாக்டரம்மா திரும்ப மாத்திரை எழுதிக் குடுத்துட்டாங்க."

அந்தக் குரல் அழுகிறதா, சிரிக்கிறதா என்று சிவநாதனுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து லோகாம்பாள் எரிச்சலோடு சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது. "எனக்குத் தல வெடிக்குது, இந்த மனுசன் ஊரு முச்சூடும் போனப் போட்டுச் சிரிக்கிறாரு பாருங்க."

"டாக்டர் வேற என்ன சொன்னாங்க?"

"ஸ்கேன் எடுக்க இன்னும் ரெண்டு மாசம் ஆவுமாம் சார். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்குறாங்க. மூணு ஊசி போனது போனதுதானாம். ஆனா வழி தொறந்துருக்கலாம்னு சொன்னாங்க."

சிவநாதன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எதிரே நஜீபா புருவத்தை உயர்த்தினாள்.

"யாருக்கோ பிரஷர் ஏறிருச்சு போல. நீங்க ஏன் சார் கண்ணத் தொடைக்கிறீங்க?"

"மாத்திரை கசக்குது," என்றார் சிவநாதன். "அந்தத் தண்ணிய எடு."